எழுதாத படிகள்: ஒரு கணக்கின் செய்வழிக்குள் இருக்கும் மொழி

மும்பையின் துறைமுக இருப்புப்பாதையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே உள்ள நிலையம் திலக் நகர். அதன் அருகிலேயே லோகமான்ய திலகர் முனையம். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் புறப்படும் தொடர்வண்டிகள் சில வந்து சேரும் இடம் அது. குடியிருப்புக்கும் முனையத்துக்கும் பெயர் தந்த பால கங்காதர திலகரைத் (1856–1920) தமிழர் அரசியல் தலைவராக அறிவர். வ.உ.சிதம்பரனாரும் பாரதியாரும் தலைவராக ஏற்றவர் என்ற வகையில் அவர் பெயர் தமிழ் வரலாற்றிலும் இடம்பெறுகிறது. அவர் கணித ஆசிரியராக இருந்தவர் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 1877இல் கணிதத்தில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றவர். 1880இல் புனேயில் நியூ இங்கிலீஷ் ஸ்கூல் தோன்றக் காரணமானோருள் ஒருவர். 1885இல் தொடங்கப்பட்ட ஃபெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்.

அவருடைய வகுப்பறை பற்றி வாழ்க்கை வரலாறுகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. திலகர் கரும்பலகையை அதிகம் நாடுவதில்லை. கணக்கை வாய்மொழியாகவே செய்து விடையைச் சொல்லிவிடுவார். கூர்மையான மாணவர்கள் வியந்தனர், மற்றவர்கள் தொடர முடியாமல் திணறினர் என்பதே அச்செய்தி. இதை மேதைமைக்குச் சான்றாகக் கொள்வோர் உண்டு. ஆசிரியப் பணியின் குறையாகக் கொள்வோரும் உண்டு. வரலாற்று நோக்கில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கணக்கின் படிகளை ஏன் எழுத வேண்டும்? யாருக்காக எழுத வேண்டும்? விடை சரியாக இருந்தும் செய்வழி காட்டாததால் மதிப்பெண் குறைவது இன்று எந்தப் பள்ளிக்குழந்தைக்கும் பழகிப்போன அனுபவம். அந்த விதி எப்போது, எவ்வாறு பிறந்தது?

திலகரின் இளமைக்கால மராத்தியப் பள்ளிகளில் பின்ன வாய்பாடுகள் மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டன. காலுக்குப் பாவகி, அரைக்கு நிம்கி, ஒன்றேகாலுக்குச் சவாய்கி, ஒன்றரைக்குத் திட்கி, இரண்டரைக்கு அடீச்கி என ஒவ்வொரு பின்னத்துக்கும் தனி வாய்பாடு இருந்தது. இதற்கு இணையானது தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி. முந்திரி (320இல் 1), அரைக்காணி (160இல் 1), காணி (80இல் 1), அரைமா (40இல் 1), மா (20இல் 1), மாகாணி அல்லது வீசம் (16இல் 1), அரைக்கால், கால், அரை, முக்கால் எனப் பின்னங்கள் ஒவ்வொன்றும் தனிப் பெயரும் தனிக் குறியும் பெற்றிருந்தன. முழு எண்ணோடு முழு எண்ணைப் பெருக்குவது போலவே பின்னத்தோடு பின்னத்தைப் பெருக்கும் வாய்பாடுகளும் ஓதப்பட்டன. முக்காலை முக்காலால் பெருக்கினால் வருவது அரையே வீசம். இன்றைய மாணவர் பதினாறில் ஒன்பது என்று எழுதிக் கண்டடையும் அதே விடை அன்று ஒரு சொற்றொடராக நாவில் நின்றது.

இக்கல்வியைக் குறித்து விரிவாக ஆய்ந்த செந்தில் பாபு, நினைவாற்றல் அப்பள்ளிகளில் கற்கும் முறையாகவே இயங்கியது என்று வாதிடுகிறார். சிறுவன் மணலில் எழுதினான், எழுதும்போதே உரக்கச் சொன்னான், சட்டாம்பிள்ளை கேட்டான், மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பிழை எழுந்தால் அது காதில் விழுந்தது. பல சுவடிகளில் ஒரு வாய்பாட்டின் இறுதியில் அதன் பெருக்குத்தொகைகள் அனைத்தையும் கூட்டிய மொத்தமும் தரப்பட்டிருக்கும். இடையில் ஓர் எண் தவறினால் மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, படிகள் இல்லாத கணக்கு அன்று அது. படிகள் குரலில் இருந்தன. கேட்பவர் அருகில் இருந்தார். அவரும் அதே மொழியில் அதே வாய்பாட்டை அறிந்தவர். எனவே எழுதிக் காட்ட வேண்டிய தேவை எழவில்லை.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காட்டிற்று. அதற்கு முன்பே, சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ச் சிறுவர்கள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தில் பரவியது. அதன் ஊற்றாகிய திண்ணைப் பள்ளியோ, அடுத்த அரை நூற்றாண்டுக்குள், பொருள் புரியாமல் ஓதும் இடம் என்று அதே ஆட்சியின் அதிகாரிகளால் பழிக்கப்பட்டது.

வாய்மொழிப் படிக்கும் எழுத்துப் படிக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எளிய கணக்கில் காணலாம். ஓர் எண்ணோடு அதன் பாதியையும் அதன் காலையும் கூட்டினால் 28 வருகிறது. அந்த எண் யாது?

முதல் வழி, இலீலாவதி போன்ற நூல்கள் விளக்கும் இட்ட கருமம். விடையாக ஏதேனும் ஓர் எண்ணை வைத்துக்கொள்வது. 4 என்று கொண்டால், 4, அதன் பாதி 2, அதன் கால் 1, மொத்தம் 7. வர வேண்டியது 28. அது 7இன் நான்கு மடங்கு. ஆகவே கொண்ட எண்ணையும் நான்கு மடங்காக்கினால் 16.

இரண்டாம் வழி, வாய்க்கணக்கு. ஓர் எண்ணும் அதன் அரையும் அதன் காலும் சேர்ந்தால் அந்த எண்ணின் ஒன்றேமுக்கால். ஒன்றேமுக்கால் என்பது ஏழு கால். ஏழு கால் 28 என்றால் ஒரு கால் 4. நான்கு கால் 16.

மூன்றாம் வழி, இயற்கணிதம். தெரியாத எண்ணுக்கு இன்றைய பாடநூல்கள் எக்ஸ் என்று எழுதும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாஸ்கரர் யாவத்தாவத் என்ற சொல்லின் முதலெழுத்தால் அதனைக் குறித்தார். அந்த யாவையே இங்குக் கொள்ளலாம்.

யா + யா/2 + யா/4 = 28
இருபுறமும் 4ஆல் பெருக்க: 4யா + 2யா + யா = 112
7யா = 112
யா = 16
சரிபார்த்தல்: 16 + 8 + 4 = 28

மூன்றும் ஒரே விடையைத் தருகின்றன. ஆயினும் இரண்டாம் வழியை உற்றுநோக்கினால் ஒன்று புலப்படும். அதன் முதன்மையான படி ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஒன்று, அரை, கால் ஆகிய மூன்றையும் கூட்டும் வேலையை ஒன்றேமுக்கால் என்ற சொல்லே செய்து முடித்துவிடுகிறது. தமிழ் பேசுவோர் அந்தப் படியைத் தாண்டுவதில்லை; சொல்லைச் சொல்லும்போதே கடந்துவிடுகிறார்கள்.

அதே கணக்கை மராத்தியில் வாயால் செய்பவர் வேறு படியில் ஏறுகிறார். மராத்தியில் ஒன்றேமுக்காலுக்குப் பெயர் பாவணேதோன். இரண்டில் கால் குறைவு என்பது பொருள். தமிழ் கூட்டுகிறது; மராத்தி கழிக்கிறது. எட்டுக் காலில் ஒரு கால் போக ஏழு கால் என்பது அவர் வழி. இஃது ஒரு சொல்லில் மட்டும் உள்ள வேறுபாடு அன்று. தமிழில் 29 இருபத்தொன்பது. மராத்தியில் ஏகோண்தீஸ், முப்பதில் ஒன்று குறைவு. தமிழிலும் இத்தகைய விலகல் இல்லாமல் இல்லை: தொண்ணூறு நூற்றை வைத்தும் தொள்ளாயிரம் ஆயிரத்தை வைத்தும் அமைந்தவை. எந்த மொழியும் முழு ஒழுங்குடையதன்று. ஒவ்வொன்றும் தன் படிகளைத் தனக்குரிய இடங்களில் ஒளித்துவைத்திருக்கிறது.

இவ்வாறு ஒளிந்திருந்த படிகளை வெளியே கொண்டுவந்து தாளில் வரிசையாக நிறுத்தியது எழுத்துத் தேர்வு. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவை முதலில் தேர்வு நடத்தும் அமைப்புகளாகவே இயங்கின. வினாத்தாள் அச்சில் வந்தது; விடைத்தாள் மாணவரை அறியாத ஒருவர் கைக்குச் சென்றது. அவர் குரலைக் கேட்கமாட்டார். இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டார். 16 என்று மட்டும் எழுதியிருந்தால், அது கணித்ததா, ஊகித்ததா, அருகில் இருந்தவரைப் பார்த்து எழுதியதா என்று அவரால் அறிய இயலாது. எழுதிய படி என்பது அறையில் இல்லாத ஒருவருக்குச் செலுத்தும் கடன். அக்கடனைத் தீர்க்க வேண்டிய மொழி ஆங்கிலமாக இருந்தது.

அதைத் தாய்மொழியில் தீர்க்க முயன்றோரும் அதே காலத்தில் இருந்தனர். பம்பாயில் 1820களிலேயே ஜார்ஜ் ஜார்விஸ் என்னும் பொறியாளர் உள்ளூர்ப் பண்டிதர்களின் துணையோடு மராத்தியில் கணித நூல்களை உருவாக்கினார். யாழ்ப்பாணத்தில் 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் பயின்ற கரோல் விசுவநாதபிள்ளை (1820–1880), வீசகணிதம் என்னும் நூலை 1855இல் தமிழில் வெளியிட்டார். பின்னர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார், மற்றவர் சி.வை.தாமோதரம்பிள்ளை. டெல்லிக் கல்லூரியின் ஆசிரியர் இராமச்சந்திரா (1821–1880), நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தைக் கொண்டே பெருமச் சிறுமக் கணக்குகளைத் தீர்க்கும் நூலொன்றை 1850இல் ஆங்கிலத்தில் எழுதினார். இந்தியரின் பழைய இயற்கணித மரபே புதிய கல்விக்கு வாயிலாக வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்நூலை 1859இல் இலண்டனில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்த இவ்விருவரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றுதான்: அந்நியத் தேர்வாளர் முன் வைக்க வேண்டிய படிகளை, கற்பவர் தம்முடையவை என்று உணரும்படி எவ்வாறு எழுதுவது?

நூலின் பெயரே அச்சிக்கலைக் காட்டுகிறது. பீஜகணிதம் என்னும் வடசொல் தமிழ் ஒலிமரபுக்கு ஏற்ப வீசகணிதம் ஆயிற்று. பீஜம் என்பது விதை. ஆனால் எண்சுவடி ஓதிய காதுக்கு வீசம் என்றால் பதினாறில் ஒன்று. இரண்டும் வேறு வேறு சொற்கள். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் இயற்கணிதம் என்ற சொல்லும் இலங்கையில் அட்சரகணிதம் என்ற சொல்லும் நிலைபெற்றன. மராத்தியில் இன்றும் பீஜகணிதமே. ஒரே பாடத்துக்கு மூன்று பெயர்கள். மூன்றும் தமிழ்க் குழந்தைகள் எங்கேனும் ஓரிடத்தில் பாடநூலில் காணும் பெயர்கள்.

படிகளை எழுதாமல் விட்ட மற்றொருவர் பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். சீனிவாச ராமானுஜன் கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, 1903இல், கார் என்பவர் தொகுத்த கணித முடிவுகளின் நூல் அவர் கைக்கு வந்தது. அதில் முடிவுகள் மிகுதி, விளக்கம் குறைவு. ராமானுஜனின் குறிப்பேடுகளும் அவ்வாறே அமைந்தன. அவற்றின் முடிவுகளுக்கு நிறுவல் கண்டு ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட புரூஸ் பெர்ண்ட் இதற்குக் கூறும் காரணங்களுள் ஒன்று மிக எளியது: தாள் விலை அதிகம். ராமானுஜன் பலகையில் கணித்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். படிகள் இல்லாமல் இல்லை, அவை அழிக்கப்பட்டன. 1913இல் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு வந்த மறுமொழியிலும் முதன்மையான வேண்டுகோள் நிறுவல்களை அனுப்புக என்பதே.

அக்குறிப்பேடுகளின் நிழற்படிப் பதிப்பு 1957இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. வெளியிட்டது பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அதே 1957 ஏப்ரல் 1 அன்று, பதினாறு அணாவும் அறுபத்து நான்கு பைசாவும் கொண்ட பழைய ரூபாய் நூறு நயா பைசாவாக மாறிற்று; அடுத்த ஆண்டிலிருந்து மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வரத் தொடங்கின. வீசமும் மாகாணியும், பாவகியும் சவாய்கியும் சந்தையில் பயனிழந்தன. படியைச் சொல்லுக்குள் வைத்திருந்த ஒரு கணக்கு மரபு, இரு மொழிகளிலும் ஒருங்கே, பள்ளியிலிருந்து விடைபெற்றது. காலும் அரையும் முக்காலும் பேச்சில் எஞ்சின. மற்றவை அகராதிக்குச் சென்றன.

எனினும் சொல்லுக்குள் படி இருக்கிறது என்ற உண்மை மறையவில்லை. 2019 ஜூனில் மகாராட்டிரத்தில் அது ஒரு பூசலாகவே வெடித்தது. இரண்டாம் வகுப்பு மராத்திக் கணிதப் பாடநூல், 21ஐ ஏக்வீஸ் என்று மட்டும் சொல்லாமல் வீஸ் ஏக் என்றும், 63ஐத் த்ரேசஷ்ட் என்று மட்டும் சொல்லாமல் சாட் தீன் என்றும் வாசிக்கும் முறையை அறிமுகம் செய்தது. மராத்தியில் ஒன்றாம் இடம் முன்னும் பத்தாம் இடம் பின்னும் ஒலிக்கின்றன. எழுதும்போது வரிசை தலைகீழாகிறது. கூட்டெழுத்து நிறைந்த அப்பெயர்களில் ஏழு வயதுக் குழந்தைகள் தடுமாறுகிறார்கள் என்பது மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். கணிதப் பாடக்குழுவுக்குத் தலைமை வகித்த மங்களா நார்லிகர் (1943–2023) தென்னிந்திய மொழிகளில் இவ்வொழுங்கு இயல்பாகவே உள்ளது என்று எடுத்துக்காட்டினார். மொழி சிதைகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. சட்டமன்றத்தில் கேலியும் எழுந்தது.

அவர் சுட்டிய ஒழுங்கு தமிழில் பேச்சோடு நிற்பதன்று. பழைய தமிழ் எண்குறியில் 63 என்பது ௬௰௩: ஆறு, பத்து, மூன்று. அறுபத்து மூன்று என்று சொல்லும் வரிசையே எழுதும் வரிசை. மராத்திக் குழந்தைக்குப் புதிய பாடநூல் வழங்க முயன்ற எளிமை, திலக் நகரிலோ தாராவியிலோ வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்குப் பாட்டி வாயிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

கிடைத்தது எவ்வளவு தொலைவு துணைவருகிறது என்பதுதான் சிக்கல். மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்திவந்துள்ளது. இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஏற்பாடு அது. ஆனால் தமிழ்வழிப் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு நின்றவை. அதன்பின் குழந்தை ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ மராத்திக்கோ மாற வேண்டும். கணிதப் பாடத்தில் அந்த மாற்றம் விழும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கூட்டலும் பெருக்கலும் பின்னமும் ஒரு மொழியில் முடிகின்றன. எழுத்தும் சமன்பாடும் வலுப்பெறும்போது மொழி மாறிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் மகாராட்டிரப் பாடத்திட்டம் கணிதத்தை இரண்டாகப் பிரித்து, முதல் பகுதியை இயற்கணிதமாகவும் இரண்டாம் பகுதியை வடிவியலாகவும் வைக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒவ்வொன்றுக்கும் 40 மதிப்பெண். தேர்வு படிகளைக் கேட்கத் தொடங்கும் கட்டத்தில், படிகளைச் சொல்லிப் பழகிய மொழி மாணவரிடம் இல்லை.

இதனை ஆற்றல் குறைவு என்று ஆசிரியர் கருதக்கூடும். குழந்தையும் அவ்வாறே நம்பிவிடக்கூடும். ஏழு கால் 28, ஒரு கால் 4 என்று மனத்துக்குள் முடித்துவிட்டு 16 என்று எழுதும் சிறுமிக்குக் கணக்கு தெரியாது என்பது உண்மையன்று. அவள் செய்த படிகள் ஒரு மொழியில் உள்ளன; கேட்கப்படும் படிகள் மற்றொரு மொழியில். இடையே மொழிபெயர்ப்பு என்னும் கூடுதல் படி ஒன்று இருக்கிறது. அதற்கு எந்த வினாத்தாளும் மதிப்பெண் ஒதுக்குவதில்லை.

இதற்காக எழுதிய படி தேவையற்றது என்று முடிவுகட்டுவதும் பிழையாகும். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி தம் இயற்கணிதத்தைக் குறியீடு ஏதுமின்றி முழு வாக்கியங்களாகவே எழுதினார். சமம் என்பதை மீண்டும் மீண்டும் எழுதும் சலிப்பைத் தவிர்க்க 1557இல் இராபர்ட் ரெகார்டு இரண்டு இணைகோடுகளை இட்டார். குறியீடு என்பது வாக்கியத்தின் சுருக்கம். வாக்கியம் கைவராதவருக்குச் சுருக்கம் விளங்காது. எழுதிய படிக்கு மற்றொரு நன்மையும் உண்டு: பிழை எங்கே நேர்ந்தது என்பதை அது காட்டும். திலகரின் வாய்க்கணக்கைத் தொடர முடியாத மாணவருக்கு வேண்டியிருந்தது அதுவே. வாய்மொழி தன் வட்டத்துக்குள் இருப்பவரை ஏற்றுக்கொண்டது. வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும், திண்ணை திறந்திருக்கவில்லை. எழுத்துத் தேர்வு அந்நியரின் தேர்வுதான். ஆயினும் மாணவர் யார் என்று அறியாமலே திருத்தப்படும் தாள், சிலருக்கேனும் திண்ணை மறுத்த வாயிலைத் திறந்தது.

ஆகவே திலக் நகரின் ஓர் அறை வீட்டில் மாலை வேளையில் வீட்டுப்பாடம் செய்யும் குழந்தையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, படி எங்கே என்பதாக இருக்கலாகாது. எப்படிச் செய்தாய், சொல் என்பதாக இருக்க வேண்டும். அது சொல்லும் விடை தமிழில் வரலாம். பாதி மராத்தியிலும் வரலாம். சொல்லியதைச் சொல்லிய மொழியிலேயே முதலில் எழுதவிட்டு, அதன் அருகில் பாடநூலின் சமன்பாட்டை எழுதிக் காட்டினால், இரண்டு வரிகளும் ஒன்றே என்று குழந்தை காணும். விசுவநாதபிள்ளை 1855இல் ஒரு நூல் முழுதும் செய்ய முனைந்த வேலை அதுவே. அதற்கு இன்று தேவைப்படுவது ஒரு பென்சிலும், கேட்கப் பொறுமையுள்ள ஒருவரும்.